ரெட்டைக் கவை சைக்கிள்

1

கவென்ட்ரிக்கு நான் வந்து பன்னிரண்டு வருடம் நிறைந்ததற்காகப் போன வாரம் என் மனைவி சாந்தா கேசரி கிண்டினாள். பிள்ளைகள் இரண்டும் ஆளுக்கு ஒரு கரண்டி தின்றுவிட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்கள். மிச்சம் என் தலையில் விழுந்தது. தின்றுகொண்டே யோசித்தேன், இத்தனை வருடத்தில் நான் ரொம்பவும் பயந்து கிடந்த காலம் எது என்று. வந்த புதிதில் பனியைக் கண்டு பயந்தேன். ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் மேலதிகாரியின் இங்கிலீஷைக் கண்டு பயந்தேன். போன வருடம் ஒரு பழைய சைக்கிளால் நான் பட்ட பாட்டுக்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமே இல்லை. ஊரில் இருக்கிற உங்களுக்குச் சிரிப்பு வரும். சிரித்துக்கொண்டே படியுங்கள், பரவாயில்லை.

இந்த ஊரில் பழைய சைக்கிள் சேர்ப்பவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் பக்கத்துக் கூடத்தில் கூடித் தேநீர் குடிப்பார்கள். நானும் அதில் ஒருவன். வந்த இரண்டாம் வருடம் குப்பையோடு கிடந்த ஒரு வண்டியைத் தூக்கி வந்து சரி செய்து ஓட்டினேன். ஆசை அதோடு நிற்கவில்லை. இப்போது வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மரக்கொட்டகையில் கால் வைக்க இடம் கிடையாது. "எங்க வீட்டுக்காரரு அங்க பழைய இரும்புக் கடை வச்சிருக்காரு" என்று சாந்தா மதுரைக்குப் போகும்போதெல்லாம் தன் தம்பியிடம் சொல்லிச் சிரிக்கிறாள்.

போன வருடம் அப்படிக் கூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, இன்னும் கைக்குக் கிடைக்காத கனவு வண்டி எது என்று ஆளாளுக்குச் சொல்ல வேண்டும் என்றார்கள். ஒரு தபால்காரர், சண்டைக் காலத்தில் சிப்பாய்கள் முதுகில் கட்டிக்கொண்டு விமானத்திலிருந்து குதித்தார்களே, அந்த மடக்கு சைக்கிள் வேண்டும் என்றார். ஓய்வுபெற்ற டீச்சர் அம்மா ஒருவருக்கு மரத்தில் ரிம் போட்ட வண்டி மேல் ஆசை. அடுத்து ஆர்தர் எழுந்தார். எழுபதைத் தாண்டியவர், சங்கத்தில் எல்லோருக்கும் மூத்தவர்.

"என் கனவு வண்டி இந்த ஊரில் செய்ததுதான். நாலு தெரு தள்ளி ஒரு சின்னப் பட்டறை இருந்தது. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையில் ஒரு குழாய்க்கு இரண்டு குழாய். செயின் முழுவதும் தகரப் பெட்டிக்குள் எண்ணெயில் ஓடும். கறுப்பு உடம்பில் தங்கக் கோடு. செய்த வண்டியெல்லாம் கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டது. இங்கே ஒன்றுகூட மிஞ்சவில்லை." தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அந்தத் தங்கக் கோட்டைக் கையால் இழுத்தவர் என் அப்பா" என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அந்த வண்டி என் தங்கை வீட்டில் இருக்கிறது" என்று சொல்லிவிட்டேன்.

கூடமே என் பக்கம் திரும்பியது. இந்த ஊரில் என்னை யாரும் என் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பாஸ்போர்ட்டில் அப்பா பேர் கடைசியில் இருப்பதால் எல்லோருக்கும் நான் மிஸ்டர் கருப்பையா. ஆர்தர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "மிஸ்டர் கருப்பையா, உண்மையாகவா?" என்று கேட்டார். சங்கத்தின் கோடைக்காலக் கண்காட்சிக்குக் கொண்டுவந்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும்போது, இந்த ஊர்க்காரன் ஆகிவிட்டேன் என்று முதல் தடவையாகத் தோன்றியது.

2

அந்த வண்டி எங்கள் அப்பாவுடையது. சமயநல்லூர் பக்கம் இருந்த நூல் மில்லில் அவர் மேஸ்திரி. மில்லில் இருந்த வெள்ளைக்கார இன்ஜினியர் சீமைக்குத் திரும்பும்போது அப்பாவிடம் விட்டுவிட்டுப் போனார். விளாங்குடியில் எங்கள் வீடு. திண்டுக்கல் ரோட்டில் அப்பா வருவது மணி அடிக்காமலே தெரியும். மற்ற சைக்கிள்கள் சளசளக்கும், இது எண்ணெயில் ஓடுவதால் சன்னமாக முனகும். தெருவில் அதற்கு ரெட்டைக் கவை என்று பேர். ஆயுத பூஜைக்கு அரிவாள், அம்மி, ரேடியோவோடு அதற்கும் சந்தனம் வைத்து, ஹேண்டில்பாரில் மாலை போட்டு, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவோம். என்றைக்கு இருந்தாலும் அது எனக்குத்தான் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

தங்கச்சி பாண்டியம்மாளுக்குத் திருமங்கலம் பக்கம் மாப்பிள்ளை பார்த்தார்கள். பேர் சோலைமலை, பருத்தியும் கடலையும் போடுகிற சம்சாரி வீடு. சீர் பேசும்போது அவர்கள் வீட்டார் மாப்பிள்ளைக்கு ஒரு சைக்கிள் என்றார்கள். அப்பா புதுசாக வாங்கித் தருவதாகச் சொன்னார். அதுவரை வாயே திறக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை மெல்ல, "புதுசு வேணாம் மாமா. வாசல்ல நிக்கிதே, அந்த வண்டி போதும்" என்றார்.

சபையே சிரித்துவிட்டது. அப்பா சிரிக்கவில்லை. எழுந்துபோய் வண்டியைக் கொஞ்ச நேரம் தொட்டுக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே வந்து, "சரி மாப்ள" என்றார்.

நான் அப்போது இங்கிலாந்துக்கு வர விசா வாங்கிக் காத்திருந்தேன். வெளிநாடு போகிறவனுக்கு எதற்குச் சைக்கிள் என்று அப்பா நினைத்திருப்பார். எனக்கு வயிறு எரிந்தது. சீர்வரிசை கிளம்பிய அன்று அண்டா, குத்துவிளக்கு, கட்டில் எல்லாம் வண்டியில் ஏறின. ரெட்டைக் கவையை மட்டும் மாப்பிள்ளை கையில் உருட்டிக்கொண்டே வந்தார். பிற்பாடு அவரும் நானும் ரொம்ப ஒட்டிக்கொண்டோம். "வண்டிக்காகத்தான் மச்சான் ஒன் தங்கச்சியக் கட்டுனேன்" என்று என்னைச் சீண்டுவார். பாண்டியம்மாள் அடுப்படியிலிருந்தே, "அப்ப வண்டியவே சோறாக்கச் சொல்லு" என்பாள்.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். விளாங்குடி வீட்டையும் விற்றாயிற்று. பாண்டியம்மாளுக்குப் பிறந்த வீடு என்று இனி இருப்பது நான்தான். நானோ கடல் தாண்டிக் கிடக்கிறேன்.

3

கூட்டம் முடிந்த மறுநாளே போன் போட்டேன். தங்கை வீட்டில் போன் கிடையாது. அவர்கள் ஊரில் அவர்களுக்கு வேண்டிய ஒருவரின் உரக்கடை நம்பர்தான். எக்ஸ்சேஞ்சில் பதிந்துவிட்டுக் காத்திருந்து, லைன் கிடைத்ததும் கடைக்காரரிடம் சொல்லி, அவர் ஆள் விட்டு மாப்பிள்ளையைக் கூப்பிட, மறுபடி பதிந்து, மறுபடி காத்திருந்து, ஒருவழியாக அவர் குரல் கேட்டது.

"என்ன மச்சான், எப்பிடி இருக்கே? எப்ப வாரே?"

லைனில் இரைச்சல். எந்த நிமிடமும் அறுந்துவிடும் என்ற பதற்றத்தில் நேரே விஷயத்துக்கு வந்துவிட்டேன். "மாப்ள, அப்பாவோட சைக்கிள் இருக்குல்ல? அது எனக்கு வேணும்."

"என்னாது?"

"ரெட்டைக் கவை! அப்பா சீராக் குடுத்த வண்டி! அத எனக்கே திருப்பிக் குடுத்துரு! பதிலுக்கு ஒனக்குப் புது மொபெட் வாங்கித் தாரேன்!"

கத்தித்தான் சொன்னேன். அந்தப் பக்கம் அவரும் காது கேட்காமல், "சீராக் குடுத்த வண்டியத் திருப்பிக் கேக்குறியா?" என்று கத்தினார். உரக்கடையில் மூட்டை எடுக்க வந்தவர்கள் எத்தனை பேர் நின்றார்களோ தெரியாது. நான், "ஆமா, ஆமா!" என்றேன்.

பிறகு, "சரிங்க. எடுத்து வைக்கிறேங்க" என்றார். லைன் அறுந்துவிட்டது.

எனக்கு ஒரே சந்தோஷம். கப்பல் கம்பெனிக்குப் போய்ப் பழைய சைக்கிளை இறக்குமதி செய்ய என்ன வேண்டும் என்று விசாரித்தேன். அங்கிருந்த பெண், வண்டியின் மதிப்பு என்ன என்று கேட்டாள். விலை போட முடியாது என்றேன். அப்படியானால் பூச்சியம் என்று போட்டுக்கொள்ளட்டுமா என்றாள்.

4

இரவுச் சாப்பாட்டின்போது பெருமையாக எல்லாவற்றையும் சாந்தாவிடம் சொன்னேன். அவள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள்.

"ஏங்க, சீரையா திருப்பிக் கேட்டீங்க?"

"அதான் மொபெட் வாங்கித் தர்றேன்னுட்டேனே."

"போன்ல, கடைக்காரன் முன்னாடி, பொண்ணுக்குப் போட்ட சீரத் திருப்பிக் குடுன்னு கேட்டிருக்கீங்க. ஒங்க பக்கத்துல அதுக்கு என்னா அர்த்தம்னு டவுன்ல பெறந்த எனக்கே தெரியும். ஒங்களுக்குத் தெரியாதா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குச் செய்த சீரைப் பிறந்த வீடு திருப்பிக் கேட்பது ஒரே ஒரு சமயத்தில்தான். கட்டியவனோடு உறவைத் தீர்த்துக்கொள்ளும்போது, பெரியவர்கள் முன்னால் அண்டா குண்டாவையெல்லாம் வெளியே எடுத்து வைத்து, ஏற்றிக்கொண்டு போவார்கள். சின்ன வயதில் அப்படி ஒரு வண்டி எங்கள் தெருவுக்குத் திரும்பி வந்ததை நானே பார்த்திருக்கிறேன். அதன்பிறகு அந்த வீட்டில் பல நாள் யாரும் சத்தமாகப் பேசவில்லை. சைக்கிளைச் சைக்கிளாக மட்டும் பார்க்க இந்த ஊர் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. நான் கேட்டது இரும்பை. அங்கே போய்ச் சேர்ந்த சேதி வேறு.

மறுநாள் திரும்பப் போன் போட்டேன். "மாப்ள பருத்திக் காட்டுக்குப் போயிருக்காருண்ணே" என்றார் உரக்கடைக்காரர். அடுத்த வாரம், "இப்பத்தான் இங்கிட்டு நின்டாரு, எங்க போனாருன்னு தெரியல" என்றார். பாண்டியம்மாளைக் கூப்பிடச் சொன்னால், "தங்கச்சி வரலேன்னுட்டுதுண்ணே" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். கடிதம் எழுதினேன், பதில் இல்லை. ஆய்வுக்கூடத்தில் ரத்தம் எடுத்து வைத்த கண்ணாடிக் குழாய்களில் ஒருவர் சீட்டை இன்னொருவருக்கு ஒட்டப்போய், நல்லவேளையாகக் கடைசி நிமிடத்தில் பார்த்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆர்தர் வேறு போன் செய்து, "வண்டி கிளம்பிவிட்டதா?" என்று கேட்பார். கிளம்பும், கிளம்பும் என்பேன்.

இதற்கிடையில் சாந்தாவின் தம்பி மதுரையிலிருந்து எழுதினான். பாண்டியம்மாளின் மகள் செல்விக்குக் காதுகுத்து என்று வைகாசியில் நாள் குறித்துவிட்டார்களாம். உங்களுக்குச் சொல்லியிருப்பார்களே, எப்போது வருகிறீர்கள் என்று கேட்டிருந்தான்.

எங்களுக்குச் சொல்லவில்லை. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். பத்திரிகை அடிக்கும் முன்னால் வெற்றிலை பாக்கோடு முதலில் சொல்வது தாய்மாமனுக்குத்தான். எனக்குச் சொல்லவில்லை என்றால், வேறு யாருடைய மடியையோ பார்த்துவிட்டார்கள்.

என் மகனுக்குப் பத்து வயது. "வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டால் முடிந்துபோகுமே அப்பா, எதற்கு அழுகிறீர்கள்?" என்று இங்கிலீஷில் கேட்டான். நான் அழுதது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. விளக்கலாம் என்று ஆரம்பித்தேன். சீர் என்பதற்கு இங்கிலீஷில் வார்த்தை கிடைக்காமல் பாதியில் விட்டுவிட்டேன். மகளுக்கு இங்கே கடைத்தெருவில்தான் காது குத்தினோம். சூயிங் கம் மென்றுகொண்டிருந்த ஒரு பெண் துப்பாக்கி மாதிரி ஒன்றை வைத்து அழுத்தினாள், முடிந்தது.

"அன்னைக்கு என் தம்பி மடி இல்லாமத்தானே குத்துனோம்" என்றாள் சாந்தா. "இன்னைக்கு வரைக்கும் அவன் அதப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. கேட்டுச் சண்டை போட்டிருந்தாக்கூடத் தேவலைன்னு இருக்கும். அவங்க கூப்பிடலேன்னாலும் நீங்க கெளம்புங்க."

5

பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். கருப்பையா உங்கள் பேரா, உங்கள் அப்பா பேரா என்று அங்கே ஒரு மாதம் இழுத்தடித்தார்கள். கைக்கு வந்தபோது காதுகுத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. தங்கத் தோடும் பட்டுப்பாவாடையும் வாங்கிக்கொண்டு நான் மட்டும் கிளம்பினேன். மதுரையில் இறங்கியபோது, சாந்தாவின் தம்பி முதல் நாளே தங்கை வீட்டுக்குப் போய் நான் வருவதைச் சொல்லி வைத்திருந்தான். என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "ஒன்னும் சொல்லல மாமா. சரின்னு மட்டும் சொன்னாரு" என்றான்.

திருமங்கலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தும் வெளியே எதையும் பார்க்கவில்லை. வாங்க என்று சொல்வார்களா, மாட்டார்களா? வாசலில் நிற்க வைத்துவிட்டால் பட்டுப்பாவாடையை யார் கையில் கொடுப்பது? இதே யோசனைதான். திருமங்கலத்தில் இறங்கி ஊருக்கு இன்னொரு பஸ் ஏற வேண்டும். பாதி வழியிலேயே திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

வீட்டை நெருங்கும்போதே பார்த்துவிட்டேன். வாசலில் அண்டா, குத்துவிளக்கு, பித்தளைக் குடம், தாம்பாளம், கரண்டி வரை துலக்கி அடுக்கியிருந்தது. பக்கத்தில் கட்டில். வேப்பமரத்தில் சாய்த்து ரெட்டைக் கவை, துடைத்துச் சந்தனம் வைத்து நின்றது. கட்டிலில் பாண்டியம்மாள் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு துணிப்பை.

மாப்பிள்ளை கதவோரம் நின்றிருந்தார். "வாங்க" என்றார். "வண்டிய மட்டும் எப்பிடிக் கொண்டு போவீக? மாமா குடுத்தது அம்புட்டையும் எடுத்து வச்சிருக்கேன். பாத்து ஏத்திக்கங்க. நாளப்பின்ன கொற சொல்லிறக்கூடாது."

நான் என்னென்னவோ யோசித்துத் தயார் செய்து வந்திருந்தேன். "மாப்ள, நான் வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"என்னையும் சேத்துத்தானண்ணே அப்பா அனுப்புனாரு?" என்றாள் பாண்டியம்மாள். "கெளம்பி உக்காந்திருக்கேன். எங்க கொண்டுபோய் எறக்குவே? வெளாங்குடி வீடு இருக்கா?"

என் பையைக் கீழே வைத்துவிட்டு அண்டாவைத் தூக்கினேன். வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தேன். திரும்பி வந்து குத்துவிளக்கை எடுத்தேன். அடுத்து குடம், தாம்பாளம். தெருவில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். பாண்டியம்மாளின் அண்ணன் தன் பொண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டு இங்கே குடிவருகிறார் போல என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. வேர்வை கண்ணில் இறங்கியது. மாப்பிள்ளை நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. கட்டிலைத் தொட்டதும் பாண்டியம்மாள் எழுந்து தள்ளி நின்றாள். தனி ஆளாக இழுத்துக்கொண்டு போனேன். அது வாசலில் குறுக்கே சிக்கிக்கொண்டது. இப்படித் தள்ளிப் பார்த்தேன், அப்படித் தள்ளிப் பார்த்தேன், நகரவில்லை.

"சாய்ச்சுப் பிடி மச்சான். அப்பிடியே தள்ளுனா நெலையப் பேத்துட்டுப் போகும்" என்று சொல்லிக்கொண்டே மாப்பிள்ளை வந்து மறுபக்கத்தைப் பிடித்தார்.

கட்டில் உள்ளே போனது. வெளியே ரெட்டைக் கவை மட்டும் நின்றது. நான் தொடவில்லை. அவரும் தொடவில்லை. பாண்டியம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு அதை உருட்டி வந்து உள்ளே வைத்தாள். போகிற போக்கில் வெளிச்சம் பட்டு, ஆர்தரின் அப்பா இழுத்த கோடு பின் மட்கார்டில் விரல் நீளத்துக்கு மின்னியது. அந்த நிலைமையிலும் என் கண் அதைத்தான் பார்த்தது. வெட்கமாக இருந்தது.

சோறு போடும்போது அவள் நிமிர்ந்து பார்க்காமலே பேசினாள். "வண்டியக் கேட்டதுகூட எனக்குப் பெருசில்லண்ணே. ஒரு வருசங் கழிச்சுப் போன் போட்டே. நான் நல்லாருக்கேனான்னு ஒரு வார்த்தை கேட்டியா? கடையில இருந்து இவரு வந்ததும் மொத வேலையா நான் அதத்தான் கேட்டேன். எங்கண்ணே என்னையக் கேட்டுச்சான்னு."

மாப்பிள்ளை எழுந்து கை கழுவப் போய்விட்டார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

வேறு யாருடைய மடியையும் அவர்கள் பார்த்து வைத்திருக்கவில்லை. இரண்டு நாள் கழித்து குலசாமி கோயிலில் செல்வி என் மடியில் உட்கார்ந்து, ஊரைக் கூட்டுகிற மாதிரி அழுதாள்.

6

கவென்ட்ரிக்குத் திரும்பியதும் ஆர்தரிடம் வண்டி வராது என்று சொன்னேன். காரணத்தையும் முடிந்தவரை சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்கள் மாப்பிள்ளை அதன் மேல் என்ன ஏற்றுகிறார்?" என்று மட்டும் கேட்டார். பருத்தி விதை மூட்டையும் பிள்ளையையும் என்றேன். அதன்பிறகு சனிக்கிழமை போன் வருவதில்லை. கூட்டத்தில் பார்த்தால் தலையசைப்பதோடு சரி. அவர் ஆசையில் தப்பு ஒன்றும் கிடையாது. எனக்கும் அந்த வண்டி மேல் ஆசை விட்டுவிட்டது என்று சொன்னால் அது பொய்.

இப்போது மாதத்தில் ஒருநாள் உரக்கடைக்குப் போன் போடுகிறேன். தங்கச்சியைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு லைனைத் துண்டிக்காமல் பிடித்துக்கொண்டே நிற்கிறேன். சாந்தா பில்லை நினைத்துக் கடிகாரத்தைப் பார்க்கிறாள். கடைக்காரர் அங்கே மேஜை மேல் வைத்த போன் வழியாகக் கடையின் சத்தமெல்லாம் கேட்கிறது. மூட்டையைத் தொப்பென்று போடுகிறார்கள். பஸ் ஹாரன் அடிக்கிறது. யாரோ யூரியா விலை கேட்கிறார்கள். "ஆள் போயிருக்குண்ணே" என்கிறார் கடைக்காரர். வரலேன்னுட்டுது என்று இந்தத் தடவை சொல்லிவிடுவாரோ என்று ஒவ்வொரு மாதமும் போனைக் காதோடு அழுத்திக்கொள்கிறேன். பிறகு செருப்புச் சத்தம் கேட்கிறது, அவள் மூச்சு வாங்குவது கேட்கிறது. அவள் "அண்ணே" என்பதற்கு முன்பே, "நல்லாருக்கியா பாண்டியம்மா?" என்று கேட்டுவிடுகிறேன்.